பாடசாலை வாசலில் அணைக்கப்படாத எஞ்சின்கள்

அரச பாடசாலைகள் பிற்பகல் 1.30க்குக் கலைகின்றன. கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பெரிய பாடசாலையின் வாசலுக்குச் சற்று முன்னதாகப் போனால், வீதியோரம் வான்களும் பஸ்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஏசி நின்றுவிடக் கூடாது என்பதற்காகவோ வெறும் பழக்கத்தினாலோ அவற்றில் சிலவற்றின் எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் அந்தப் புகைக்குழாய்களுக்கு நடுவால் நடந்து வருவார்கள். பார்த்துப் பழகிவிட்ட காட்சி என்பதால் நாம் இதை ஆபத்தாகவே எண்ணுவதில்லை.

டீசல் புகையில் என்ன இருக்கிறது?

முக்கியமாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள். இவை தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கோ அதைவிடச் சிறியவையோ ஆகும். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்லும். மற்றையது, சுவாசக் குழாய்களை அழற்சியடையச் செய்யும் நைதரசன் ஈரொட்சைட்டு வாயு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டு டீசல் எஞ்சின் புகையை, மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்துவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

சிறுவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். உடல் நிறையோடு ஒப்பிடும்போது அவர்கள் பெரியவர்களை விட அதிக காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களது நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உயரம் குறைவு என்பதால் அவர்களது முகம் புகைக்குழாய்க்கு நெருக்கமாகவும் இருக்கிறது.

ஒரு சிறுமியின் மரணச் சான்றிதழ்

எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா தென்கிழக்கு லண்டனில், வாகன நெரிசல் மிக்க ஒரு பிரதான வீதிக்கு அருகே வசித்த சிறுமி. கடுமையான ஆஸ்துமாவால் மீண்டும் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட அவர், 2013 பெப்ரவரியில் 9 வயதில் உயிரிழந்தார். அவரது தாய் ரோசமண்ட் தொடர்ந்து போராடியதன் விளைவாக இரண்டாவது மரண விசாரணை நடைபெற்றது. 2020 டிசெம்பரில், வளி மாசும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அப்படிப் பதிவான முதலாவது மரணம் அது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விடயமும் இருந்தது. வளி மாசு ஆஸ்துமாவை மோசமாக்கக்கூடும் என்ற தகவல் தாய்க்கு வழங்கப்படவில்லை. வழங்கப்பட்டிருந்தால் மரணத்தைத் தடுக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருக்கலாம் என்பதே அது.

காற்று சுத்தமானால் நுரையீரலும் தேறும்

கலிபோர்னியாவின் தெற்குப் பகுதியில் வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும் கடுமையான விதிகள் கொண்டுவரப்பட்டதன் பின்னர் காற்று படிப்படியாகச் சுத்தமானது. அங்கு மூன்று வெவ்வேறு காலப்பகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. 15 வயதில் நுரையீரல் செயற்பாடு கவலைக்குரிய அளவு குறைந்திருந்தவர்கள் முதல் குழுவில் 7.9 வீதம், கடைசிக் குழுவில் 3.6 வீதம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், இல்லாத பிள்ளைகள் என இரு தரப்பினரிடமும் இந்த முன்னேற்றம் காணப்பட்டது.

இலங்கையில்

நமது நாட்டில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. ஆனால் டீசல் வாகனங்களில் அளவிடப்படுவது புகையின் அடர்த்தி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஈரொட்சைட்டு அதில் அகப்படாது. சோதனை நடப்பதும் வருடத்தில் ஒரு நாள்தான்.

2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி பிஎம் 2.5இன் வருடாந்த சராசரி எல்லை, கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5. ஆகவே உள்ளூர்த் தரத்துக்குள் இருக்கும் காற்று பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

என்ன செய்யலாம்?

வீதியின் மாசை ஒரு பெற்றோரால் நிறுத்திவிட முடியாது. பாடசாலை வாசலின் மாசைக் குறைக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

• காத்திருக்கும் வாகனங்களின் எஞ்சினை அணைக்கும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் வான் சாரதிகளும் பேசி ஒரு விதியை ஏற்படுத்தலாம்.

• வாகனங்கள் நிற்கும் இடத்தை வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். வீதியிலிருந்து விலக விலக மாசு விரைவாகக் குறையும்.

• நடந்து செல்லும் பிள்ளைகள் இயலுமானவரை பிரதான வீதியைத் தவிர்த்து உள் ஒழுங்கைகளைப் பயன்படுத்தலாம். பாதுகாப்பான ஒழுங்கையா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

• உள்ளே புகை மணக்கும் வானில் கசிவு இருக்கக்கூடும். உடனே திருத்தும்படி கேளுங்கள்.

• சாதாரண முகக்கவசம் நைதரசன் ஈரொட்சைட்டைத் தடுக்காது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

• பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால், வீடும் பாடசாலையும் எவ்வகையான வீதியில் உள்ளன என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுத்தமான எரிபொருள், பழைய பஸ்களை மாற்றுதல், கடுமையான தரநிர்ணயம் ஆகியவை அரசின் பொறுப்பு. அவற்றைத் தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் எஞ்சினை அணைக்க வர்த்தமானி தேவையில்லை. சாரதி சாவியைத் திருப்பினால் போதும். ஏன் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.