மென்தோலுக்கான சவரப் பொருட்கள்

மென்தோலுக்கான சவரப் பொருட்கள் என்பன, எளிதில் சிவந்தும் எரிந்தும் தடித்தும் போகும் இயல்புடைய தோலில் மயிரை மழிக்கும்போது பயன்படும் பிளேடு, சவரப் பசை, நுரை, பின்பூச்சு முதலியவற்றைக் குறிக்கும். மென்தோல் என்பது வழக்குச் சொல்லே அன்றி ஒரு நோயின் பெயர் அன்று. தோல் மருத்துவர்கள் இதனுள் இருவேறு நிலைகளைப் பிரித்துக் காண்பர். உராய்வு, காரத்தன்மை, ஆல்ககால் ஆகியவற்றால் எவருக்கும் வரக்கூடிய எரிச்சல் ஒன்று. ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளுக்கு உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் ஒவ்வாமை மற்றொன்று. முன்னையது சவரம் செய்யும் முறையை மாற்றினாலே பெரும்பாலும் தணியும். பின்னையது அந்தப் பொருளை அறவே விலக்கினால்தான் தீரும்.

மயிரும் நீரும்

மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்த தாடிமயிர் வெட்டுவதற்குக் கடினமானது. நீரை உறிஞ்சியதும் ஊதி மென்மையடையும். எனவே வெதுவெதுப்பான நீரில் முகத்தை 2 முதல் 3 நிமிடங்கள் நனைத்து வைப்பது, விலையுயர்ந்த எந்தப் பசையைக் காட்டிலும் பயன் தரும். குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது நலம் எனப்படுவதற்கும் இதுவே காரணம்.

மழித்தால் மயிர் தடித்து வளரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928 இல் வெளியிட்ட ஆய்வில் சவரத்தால் மயிரின் பருமனோ வளர்வேகமோ கூடவில்லை எனக் காட்டினார். வெட்டப்பட்ட முனை தட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

பிளேடு

கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் மாற்றத்தக்க மெல்லிய பிளேடு கொண்ட பாதுகாப்புச் சவரக்கருவிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலப் பிளேடுகள் கார்பன் எஃகாலானவை, விரைவில் துருப்பிடித்தன. 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் சுவோர்டு நிறுவனத்தின் துருவேறா எஃகுப் பிளேடு சந்தையைப் பிடித்தது. 1971 இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டைப் பிளேடு கொண்ட கருவியை வெளியிட்டது. அதன்பின் மூன்று, நான்கு, ஐந்து எனப் பிளேடுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது.

பிளேடுகள் கூடினால் தோலுக்கு நல்லது என்று கொள்ள இயலாது. பல பிளேடுக் கருவியில் முதல் பிளேடு மயிரைச் சற்று இழுக்க, அடுத்தது அதைத் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டக்கூடும். மழமழப்பு மிகும், ஆனால் ஒரே இடத்தைப் பல விளிம்புகள் உரசிச் செல்கின்றன. எரிச்சல் உள்ளவர்களுக்கு ஒற்றைப் பிளேடுக் கருவியோ மின்கத்தரியோ பொருத்தமாக அமைவதுண்டு.

மழுங்கிய பிளேடு வெட்டுவதற்குப் பதிலாக இழுக்கும். தன்னைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிரை வெட்டும் எஃகு எவ்வாறு தேய்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2020 இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் இதற்கு விடை தந்தனர். எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் மயிர் சாய்வாக மோதும்போது, விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. அதாவது பிளேடு தேய்வதோடு உடையவும் செய்கிறது. 5 முதல் 7 சவரங்களுக்குப் பின் மாற்றுவது பொதுவான பரிந்துரை.

சுருள்மயிரும் புடைப்புகளும்

சுருண்ட மயிரை மிக ஒட்ட வெட்டினால் கூரிய முனை வளைந்து மீண்டும் தோலுக்குள் புகும். உடல் அதை அயற்பொருளாகக் கருதி வீங்கச் செய்யும். கழுத்தில் தோன்றும் இப்புடைப்புகளைப் பலர் பருக்கள் என எண்ணி முகப்பருக் களிம்பு பூசுவர். மருத்துவத்தில் இது போலி மயிர்க்கால் அழற்சி எனப்படுகிறது. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களிடம் இது மிகுதி என்பதால், அமெரிக்கப் படைகளில் முகம் மழிக்கும் விதி பல பத்தாண்டுகளாகச் சர்ச்சைக்குரியதாக இருந்துள்ளது. இதற்குச் சிறந்த வழி சில வாரங்கள் சவரத்தை நிறுத்துவதாகும். இயலாதவர்கள் மயிர் சற்றே நீண்டிருக்கும்படி மின்கத்தரியால் வெட்டலாம். தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் வழிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பசையும் நுரையும்

சவரப் பசையின் அடிப்படை ஒருவகைச் சவர்க்காரமே. ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்களைப் பொட்டாசியம் ஐதராக்சைடுடன் வினைபுரியச் செய்தால் மென்மையான, நிலைத்த நுரை கிடைக்கும். கிளிசரின் நுரை உலராமல் காக்கும். தோலின் மேற்பரப்பு இயல்பாக அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் மதிப்பு 5 அளவில் இருக்கும். சவர்க்காரங்களின் மதிப்பு 9 முதல் 10 வரை இருப்பதால் நுரையை முகத்தில் காயவிடுவது நன்றன்று. குளியல் சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்வோர் எரிச்சலடைவதற்கு அதன் நுரை விரைவில் உலர்ந்துவிடுவதும் ஒரு காரணம்.

பின்பூச்சுகள்

ஆல்ககால் கலந்த பின்பூச்சின் எரிச்சலைச் சிலர் அது வேலை செய்வதன் அறிகுறியாகக் கருதுகின்றனர். உண்மையில் எத்தனால், வெப்பத்தை உணரும் நரம்பேற்பிகளைத் தூண்டுவதாலேயே எரிகிறது. மென்தாலின் குளிர்ச்சியும் அத்தகையதே. அது ஓர் உணர்வே தவிர ஆற்றும் செயல் அன்று. மென்தோலுக்குக் கிளிசரின் அல்லது பெட்ரோலிய மெழுகு கொண்ட, மணமற்ற பூச்சே போதும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் செல்வது தீங்கானது. அதிலுள்ள பியூரனோகூமரின்கள் புறஊதாக் கதிருடன் சேர்ந்து கொப்புளங்களையும் கருந்தழும்புகளையும் உண்டாக்கும்.

பொதியில் உள்ள சொற்கள்

ஒவ்வாமை குறைந்தது எனப் பொருள்படும் "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படியான வரையறை இல்லை. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1975 இல் அதற்குச் சோதனை கட்டாயம் என விதி வகுத்தது. இரு அழகுப்பொருள் நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 1977 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. எனவே பொதியின் முன்புறத்தை விடப் பின்புறமே நம்பத்தக்கது. "அன்சென்டட்" என்பது மணம் தெரியாதது என்று மட்டுமே பொருள்படும். வேறு வாடையை மறைக்க நறுமணப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். "ஃபிராகிரன்ஸ் ஃபிரீ" என்பதே நறுமணப் பொருள் சேர்க்காததைக் குறிக்க வழங்குவது. பதனப்பொருள்களில் மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்கு ஒவ்வாமை தந்ததால், கழுவாமல் விடும் பூச்சுகளில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் தடை விதித்தது. "இயற்கை" என்ற சொல்லும் காப்பு அன்று. நறுமண எண்ணெய்கள் பல ஒவ்வாமை ஊட்டுபவையே. புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்தபின் முகத்தில் இடுவது நல்லது.

சவரக்கடையும் படிகாரமும்

படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு ஆகும். இது புரதங்களை உறையச் செய்து சிறு கீறல்களின் குருதிக்கசிவை நிறுத்தும். தமிழ்நாட்டுச் சவரக்கடைகளில் ஒரே படிகாரக் கட்டியை வருவோர் அனைவரின் முகத்திலும் தேய்க்கும் வழக்கம் இருந்தது. படிகாரம் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்புவது தவறு. கல்லீரல் அழற்சி-பி தீநுண்மி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு குருதியே தொற்றுக்குப் போதும். எளிதில் கீறல்படும் மென்தோல் உடையோர்க்கு இது முகத்தழகு குறித்த சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. இரட்டை விளிம்புப் பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகும் முறை பரவியதால் பழைய தீட்டுகத்தி குறைந்துள்ளது. எனினும் புதிய பிளேடு தம் கண்முன்னே பிரிக்கப்படுவதைப் பார்த்துக்கொள்வதும், சொந்தப் படிகாரத்தைக் கொண்டுசெல்வதும் உகந்தன. நேர்த்திக்கடனுக்காகக் குழந்தைகளுக்கு மொட்டையடிக்கும் இடங்களிலும் இதே கவனம் தேவை. மழித்த தலையில் பூசும் சந்தனத்தைச் சிறு காயங்கள் உள்ள இடத்தில் தவிர்க்கலாம். கல்லீரல் அழற்சி-பிக்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இதுவரை இல்லை.