கூத்து

இலக்கியச் சொல்லகராதி தொகுத்த அ. குமாரசாமிப் புலவரின் (1854–1922) ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அந்த ஊர்ப் பக்கம் 'கூத்து' என்றால் இரண்டு பொருள். வீட்டில் பிள்ளைகள் குழப்படி செய்தால் "என்ன கூத்து இது?" என்று அதட்டல் விழும், கோயில் வீதியில் விடிய விடிய ஆடினால் அதுவும் கூத்துத்தான்.

'குதி' என்ற அடியோடு இச்சொல்லைச் சேர்த்துப் பார்ப்போர் உண்டு. பழந்தமிழில் கூத்து என்பது பொதுவாக ஆடலையே குறித்தது. குரவையும் துணங்கையும் அதில் அடங்கும். கதையும் வேடமும் சேர்ந்த ஆட்டத்துக்கே ஈழத்தில் அப்பெயர் பெரிதும் நிலைத்தது.

அதிலும் வகைகள் பல. மட்டக்களப்பில் வட்டக்களரியில் சுழன்றாடும் வடமோடி, தென்மோடி. 'மோடி' என்றால் பாணி. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் துள்ளல் குறைவு. சிந்துப் பாட்டுக்கு ஏற்ற நடைதான் ஆட்டம், அதனால் சிந்துநடைக் கூத்து என்ற பெயரும் உண்டு. நடப்பதை ஆட்டம் என்பதா என்று கேட்பவர் ஒரு முறை பார்த்தால் போதும். கோலடித்து ஆடும் வசந்தன் தனி ரகம்.

'கூத்தாடி' ஏனோ வசைச்சொல்லாயிற்று. ஆனால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றிய பின், படித்தவர்களும் கூத்தாடக் கூசவில்லை.