பழைய பங்களாவில் ஃபயர்பிளேஸ்: விறகு இன்செர்ட் வாங்கலாமா?

புனே கேம்ப் பகுதி, 1817-ல் நடந்த கட்கிப் போருக்குப் பிறகு உருவான ராணுவக் கன்டோன்மென்ட். உயரமான கூரை, தடித்த சுவர் கொண்ட பழைய பங்களாக்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அப்படி ஒன்றில் குடியிருந்து, ஹாலில் பயன்படாத ஃபயர்பிளேஸும் இருந்தால், டிசம்பர் வந்ததும் 'இதை எரிய வைத்தால் என்ன?' என்று தோன்றும். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது விறகு இன்செர்ட்.

அது என்ன?

ஃபயர்பிளேஸ் குழிக்குள் அப்படியே செருகி வைக்கும் இரும்புப் பெட்டி. முன்னால் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மேலே புகைக்குழாய். திறந்த ஃபயர்பிளேஸில் விறகின் வெப்பத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம்தான் அறைக்கு வரும். மீதி சிம்னி வழியாகப் போய்விடும், போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். நல்ல இன்செர்ட்டில் 65 முதல் 80 சதவீதம் வரை அறைக்குக் கிடைக்கும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. திறந்த அடுப்பில் உங்களுக்குக் கிடைப்பது அரை யூனிட், இன்செர்ட்டில் சுமார் 2.8 யூனிட்.

எத்தனை கிலோவாட்?

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்கிறோம், ஆனால் அது அப்படி இல்லை. அறையின் கன மீட்டரை 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் வரும் என்பது பிரிட்டனில் புழங்கும் தோராயக் கணக்கு. 20 அடிக்கு 15 அடி, 12 அடி உயரமுள்ள ஹால் சுமார் 102 கன மீட்டர். அப்படியானால் 7 கிலோவாட்.

ஆனால் அந்தக் கணக்கு வெளியே உறைபனி விழும் ஊருக்கானது. புனேவில் ஜனவரி இரவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது, பகலில் 30-ஐத் தொடும். அதே ஹாலுக்கு இங்கே 3 கிலோவாட் தாராளம். சந்தையில் கிடைக்கும் சிறிய இன்செர்ட்களே 4, 5 கிலோவாட்டில்தான் தொடங்குகின்றன. அறை சீக்கிரம் புழுங்கும், நீங்கள் காற்றுத் திருகைக் குறைப்பீர்கள், விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை சிம்னிக்குள் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

நேராகச் சொன்னால், புனே வீட்டுக்கு இன்செர்ட் தேவையில்லை. வருஷத்தில் சில வாரம், இரவில் சில மணி நேரம்தான் குளிர். 2 கிலோவாட் ஆயில் ஹீட்டரை மூன்று மணி நேரம் முழுசா ஓட்டினாலும் 6 யூனிட்தான். தேசிய தூய்மைக் காற்றுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள நகரம் புனே என்பதையும் மறக்க வேண்டாம், உங்கள் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும்.

அப்போ யாருக்கு?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் குடும்ப வீடு இருப்பவர்களுக்கு. ஊட்டியில் சில இரவுகள் பூஜ்யத்தைத் தொடும், மழைக்காலத்திலும் சில்லென்று இருக்கும். அங்கே அதே ஹாலுக்கு 5 அல்லது 6 கிலோவாட் சரியாக இருக்கும். வாங்கும்போது ஐரோப்பியத் தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெட்டிக்கு முன்னால் சிம்னியைப் பாருங்கள். பல வருஷம் மூடிக் கிடந்த சிம்னியில் புறாக்கூடு, தேன்கூடு, உதிர்ந்த செங்கல் எல்லாம் இருக்கும். பழைய சாந்தின் விரிசல் வழியே புகை படுக்கையறைக்குள் கசியலாம். அதனால் உள்ளே மேலிருந்து கீழ்வரை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்க வேண்டும், உச்சியில் மழைமூடி வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் போடும் பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். அளக்க சின்ன மீட்டர் கிடைக்கிறது. நீலகிரியில் சீகையும் யூகலிப்டஸும் ஏராளம், ஆனால் வெட்டிய கையோடு எரிக்கக் கூடாது. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருஷமாவது அடுக்கி வைக்க வேண்டும். பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பலகை அடுப்புக்குள் போகவே கூடாது, பசையும் பெயின்ட்டும் நச்சுப்புகை விடும்.

மூச்சு முட்டாமல் இருக்க

தீ எரிய வெளிக்காற்று வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு சமையலறை எக்ஸாஸ்ட்டையும் போட்டால், சிம்னிப் புகை தலைகீழாக வீட்டுக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன. சுவரில் ஒரு வென்ட், அறையில் ஒரு சி.ஓ. அலாரம், இவை இரண்டும் இல்லாமல் தீக்குச்சியை உரசாதீர்கள்.

வாடகைக்கு இருக்கிறேன், கேட்கணுமா?

கட்டாயம். கேம்ப்பில் பல பங்களாக்கள் 'ஓல்டு கிராண்ட்' வகை: கட்டடம் மட்டும் தனியாருடையது, நிலம் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. கட்டட மாற்றங்களுக்கு 2006-ம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டப்படி போர்டு அனுமதி தேவைப்படும். சிம்னியில் கை வைப்பதற்கு முன், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.