புண் தணித்த பாட்டு

கல்வராயன் மலைக்கு வடபால், தென்பெண்ணைக்கு அப்புறத்தே, செங்கம் என்னும் ஊர் உளது. பண்டு செங்கண்மா எனப்பட்ட அவ்வூரையாண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டிலரேல், நம் அண்டை மலைகளின் பழஞ்செய்தி பல நமக்கு எட்டியிரா. கள்ளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்கள் அறியத்தக்க அவற்றுள் ஒன்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மலையில் எழும் ஓசைகளைப் புலவர் அடுக்கிச் செல்கின்றார். முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை ஒன்று. அதனையடுத்தே, புலி பாய்ந்து மார்பில் நெடும்புண் உற்ற கணவர்க்கு, அப்புண் தணிதற்பொருட்டும் காவலாகவும் கொடிச்சியர் பாடும் பாட்டொலி கேட்கின்றது. அழுகையின் அருகே பாட்டை வைத்தது வாளா வைத்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வழக்கம் குறவர் குடிலோடு நின்றதுமன்று. புறநானூற்று 281ஆம் பாட்டு அரிசில்கிழார் இயற்றியது. தகடூரை, அஃதாவது இன்றைய தருமபுரியை, எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடியவரும் இவரே. போர்ப்புண்ணுற்ற தலைவனைக் காக்க வருமாறு ஒருத்தி தன் தோழியை அழைக்கின்றாள். இரவமும் வேப்பிலையும் மனையிற் செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்க, மைபோன்ற மருந்து இழுகி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிக் காத்தல் வேண்டுமென்பது அவள் சொல். மருந்தும் பாட்டும் ஒருங்கே நிற்றலை நோக்குக. ஒன்றைக் கைவிட்டு ஒன்றைப் பற்றினாரல்லர்.

புண்ணுற்றானைப் பேய் தீண்டாமற் காக்கும் இச்செயலைத் தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என்பர். ஆதலின், ‘இது பேய்க்கஞ்சிய சடங்கேயன்றி நோவுக்குப் பரிகாரமன்று’ என வாதிப்பாரும் உளர். காவல் என்பதனோடு புண் தணிதலையும் மலைபடுகடாம் உடன் கூறுதலின் அவ்வாதம் முழுதும் பொருந்தாது. மற்று, இன்ன பண் இன்ன நோயை அறவே போக்கும் என்று பட்டியல் எழுதுவார்க்கும் இப்பாட்டுக்கள் துணைசெய்யா.

இக்காலத்து மருத்துவரும் அளவறிந்தே பேசுகின்றனர். நோவுச்செய்தி மூளைக்கு ஏறும் வழியில் முதுகுத்தண்டு நரம்பிலே ஒரு வாயில்போன்ற தடையுண்டு என்றும், மூளையினின்று இறங்கும் செய்திகளும் அதனைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்றும் மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் கூறினர். கேட்பவன் மனம் இசையிற் செல்லுங்கால் நோவு குறைதற்கு இஃது ஒரு விளக்கமாகும். காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பினர் 2006இல் 51 ஆய்வுகளை ஒப்புநோக்கி, இசையால் நோவும் அபினியினத்து மருந்தின் தேவையும் குறைகின்றன, ஆயினும் அக்குறைவு சிறிதே என்றனர்.

சிறிதே எனினும் மூன்று திங்களுக்குமேல் நீடித்த நோவினர்க்கு இரவொன்று கழிதல் சிறிய காரியமன்று. நம் இல்லங்களில் மூட்டுநோவால் வருந்தும் முதியோர்க்கு மாத்திரையும் நீரும் வைத்துவிட்டு, பின்கட்டு அறையின் கதவைச் சாத்திவிடுகின்றோம். வெள்ளைமாளர் பாடிய புறநானூற்று 296ஆம் பாட்டிலோ வேம்பின் கிளை ஒடிப்பாரும், காஞ்சி பாடுவாரும், நெய்பட்ட கையோடு கடுகு புகைப்பாருமாக, ஒருவன் வீடன்று, எல்லா வீடும் ஆரவாரிக்கின்றது.