முதல் தமிழ் நூலுக்கு எழுத்து வார்த்தவர்கள்

கோவிலம்பாக்கத்தில் இம்மலரை அச்சேற்றி மகிழும் நாம், தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' நூலை நினைவுகூர்வது தகும். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் வெளிவந்த அந்நூல் 16 பக்கங்களே. அதைத் தமிழாக்கிய அண்டிரீக் அடிகளாரைப் பலரும் அறிவர். எழுத்து வார்த்தவர்களை நினைப்பார் இல்லை. சேசு சபைச் சகோதரர் கொன்சால்வஸ் 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துக்களைச் செய்தார். அவை திருப்தியாக அமையவில்லை. கொல்லத்தில் ஃபாரியா அடிகளார் மறுபடியும் வார்த்தார். இருவர் எழுத்துக்களும் கடைசிப் பக்கத்தில் ஒருங்கே அச்சாகியுள்ளன. முதல் முயற்சியை மறைக்காத பெருந்தன்மை! மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலை வழக்கம் அப்படியே ஈயத்திலும் ஏறிற்று. அச்சுப் பணிக்குப் பொருள் வழங்கியவர்களோ முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்களின் காசு அது.