அரை மில்லி நொடியின் வரலாறு: கோல்ஃப் வீச்சில் மோதல் நிலை பற்றிய புரிதலின் வளர்ச்சி

முன்னுரை

கோல்ஃப் மட்டையின் தலை பந்தைத் தொட்டு விலக ஏறத்தாழ 0.0005 நொடி ஆகிறது. அதற்குள் மட்டைத்தலை நகரும் தொலைவு சுமார் 2 சென்டிமீட்டர். கண்ணுக்கு எட்டாத இக்கணத்தில் உடல் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை, பார்க்கும் கருவி மாறியபோதெல்லாம் மாறி வந்தது. அம்மாற்றத்தின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைகளின் காலம்

1904-இல் ஜார்ஜ் பெல்டம் வெளியிட்ட ‘கிரேட் கோல்ஃபர்ஸ்’ நூல், ஹாரி வார்டன், ஜேம்ஸ் பிரெய்டு போன்றோரின் ஆட்டத்தை நிழற்படங்களாக முன்வைத்தது. நிற்கும் நிலை, வீச்சின் உச்சி, முடிவு ஆகியவை அதில் முதன்மை பெற்றன. மோதலைப் பற்றிய அறிவோ ஆட்டக்காரர் தம் உணர்வாகச் சொன்னதையே பெரிதும் சார்ந்திருந்தது. அன்றைய ஹிக்கரி மரத்தண்டு வீச்சில் முறுக்கிக்கொள்ளும். மட்டை முகத்தை நேராக்கும் பொறுப்பு கைகளுக்கே இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929-இல் எஃகுத் தண்டை அனுமதித்தபின் அந்தத் தேவை குறைந்தது. உடற்சுழற்சிக்கு இடம் பெருகியது.

ஒளியும் உடலும்

எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930-களில் விட்டுவிட்டு மின்னும் ஒளியைக் கொண்டு ஒரே படத்தாளில் முழு வீச்சையும் பதித்தார். 1938-இல் அவர் எடுத்த கோல்ஃப் ஆட்டக்காரர் டென்ஸ்மோர் ஷூட்டின் படத்தில் மட்டையின் பாதை விசிறிபோல் விரிகிறது. பிம்பங்களின் இடைவெளியே வேகத்தின் அளவுகோல் ஆயிற்று.

1957-இல் வெளிவந்த, ஆட்டக்காரர் பென் ஹோகனின் ‘ஃபைவ் லெசன்ஸ்’ நூல் கீழ்வீச்சின் தொடக்கத்தை இடுப்புக்குக் கொடுத்தது. வலக்கை ஆட்டக்காரரின் இடது மணிக்கட்டு, மோதலின்போது இலக்கை நோக்கிச் சற்றே புடைத்து முன்செல்ல வேண்டும் என்றார் ஹோகன். எடை இடக்காலுக்கு மாறியிருப்பதும், இடுப்பு இலக்குப் பக்கம் திறந்திருப்பதும் சிறந்த ஆட்டக்காரரின் அடையாளங்களாகப் பயிற்சியில் நிலைத்தன.

இயற்பியலின் திருத்தம்

அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968-இல் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’ நூல், வீச்சை இரட்டை ஊசலாக விளக்கியது. தோளும் கையும் மேல் ஊசல், மட்டை கீழ் ஊசல், மணிக்கட்டு அவற்றை இணைக்கும் கீல். மோதலின் அதிர்வு மூளையை எட்டுமுன் பந்து மட்டையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே அந்தக் கணத்தில் ஆட்டக்காரரால் எதையும் திருத்த முடியாது.

பின்னர் வந்த முப்பரிமாண அசைவுப் பதிவுகள் இடுப்பு, மார்பு, கை, மட்டை என்ற வரிசையில் உச்சவேகம் கைமாறுவதைக் காட்டின. 2003-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவி இன்னொரு நம்பிக்கையை அசைத்தது. பந்து புறப்படும் திசையை மட்டையின் பாதையே தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அதில் மட்டை முகத்தின் பங்கே பெரிது என்பதை ரேடார் அளவீடுகள் பயிற்சிக்களம்தோறும் பரப்பின.

முடிவுரை

கருவி கூர்மையாக ஆக, காரணம் தேடும் இடம் மோதலிலிருந்து பின்னோக்கி நகர்ந்திருக்கிறது: கையிலிருந்து இடுப்புக்கு, இன்று பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் விசைத்தகடுகளின் வழியே பாதம் ஊன்றும் தரைக்கு. மோதல் நிலையைப் படத்தில் கண்டு அப்படியே உடலில் அமைக்க முயலும் பயிற்சி, விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் படம் முன்னே நடந்த அசைவுகளுக்குச் சான்று மட்டுமே.