காது மூக்குத் தொண்டை வைத்தியக் கல்வி வளர்ந்த வரலாறு

நம் காஞ்சிமாநகரை அடுத்த ஏனாத்தூரில் 2003ஆம் ஆண்டு மீனாட்சி மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அதிலுள்ள பகுதிகளுள் காது மூக்குத் தொண்டைப் பகுதியும் ஒன்று. இவ்வைத்தியம் தனியொரு பாடமாகப் பயிற்றப்படும் நிலையை எங்ஙனம் அடைந்தது என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நலம். நெசவுத் தொழிலைத் தந்தையிடமிருந்து மகன் கற்றுவரும் நமக்கு, இவ்வரலாற்றில் ஒரு படிப்பினையும் உண்டு.

மூக்கறுபட்டவர்க்குப் புதுமூக்கு அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிற் கூறப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அது சில குடும்பங்களின் குலவித்தையாய் நின்றது. ஆங்கிலேயர் படையில் மாடோட்டியாயிருந்த கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்பு சுல்தானின் படையார் அறுத்தனர். அவருக்குப் புனாவுக்கு அருகே செங்கற் செய்யும் குலத்தார் ஒருவர் நெற்றித் தோலைக்கொண்டு மூக்கமைத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டு லண்டன் பத்திரிகையொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதன் பின் லண்டனில் கார்ப்யூ என்னும் வைத்தியர் அம்முறையை 1814இல் தாமே செய்து, 1816இல் நூலாகவும் வெளியிட்டார். நூல் செய்தவர் பெயர் நிலைத்தது. வித்தை செய்தவர் பெயரோ அப்பத்திரிகைச் செய்தியில் இல்லை.

மூக்கு வெளியே தெரிவது. காதின் உட்புறமும் தொண்டையின் அடிப்புறமும் இருளில் மறைந்தவை. ஆசிரியர் தாம் காண இயலாததை மாணாக்கருக்கு எங்ஙனம் காட்டுவார்? இத்தடையை நீக்கியவர்களுள் ஒருவர் வைத்தியரல்லர். மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். அவர் 1854இல் இரு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். அக்காலத்திலேயே ஜெர்மனியில் டிரோல்ச் என்பவர் நடுவில் துளையுள்ள குழிக் கண்ணாடியால் ஒளியைக் காதினுட் செலுத்திச் செவிப்பறையைப் பார்க்கலானார்.

காணக் கூடியது கற்பிக்கவும் கூடியதாயிற்று. வியன்னா நகரில் 1870இல் தொண்டை நோய்க்கும், 1873இல் காது நோய்க்கும் தனிச் சிகிச்சைப் பகுதிகள் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஏற்பட்டன. காதுப் பகுதியை நடத்திய பொலிட்சர், குரூபர் இருவரிடமும் பல தேசத்து மாணாக்கர் வந்து பயின்றனர். தொண்டையின் மேற்பகுதியினின்று நடுக்காதிற்கு ஒரு நுண்குழல் செல்லுகின்றது. சளி பிடித்த குழந்தைக்குக் காதுவலி வருவது அவ்வழியாலேயே. ஆதலால், தனித்தனியே தோன்றிய பகுதிகள் நாளடைவில் பல தேசங்களில் ஒன்றாயின.

நம் இராஜதானியில், 1664இல் கோட்டையினுள் தொடங்கிய சென்னைப் பொது வைத்தியசாலையை அடுத்து, 1835இல் வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. 1850இல் அது கல்லூரியாயிற்று. இத்துறையில் நிபுணராகி அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த பி. வி. செரியன் பின்னர் 1964 முதல் 1969 வரை மகாராஷ்டிர கவர்னராகவும் விளங்கினார். அன்று சென்னைக்குச் சென்றே பெற வேண்டியிருந்த கல்வி இன்று நம் ஊர்ப்புறத்திலேயே கிடைக்கின்றது.

எனினும், பகுதி இருந்தும் நாம் செல்லாவிடில் பயன் யாது? சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. செவிப்பறையில் துளையிருப்பின் அது கேடு விளைக்கும். இன்னும் பெருங்கேடு ஒன்றுண்டு. குழந்தை பேசாதிருப்பின், “தகப்பனும் தாமதமாய்த்தான் பேசினான்” என்று பெரியோர் ஆறுதல் கூறுகின்றனர். காது கேளாமையே காரணமாயிருக்கலாம் என்று எண்ணுவார் சிலரே. பிறந்த சிசுவின் செவிப்புலனையும் இன்று சோதித்தறியலாம். உட்செவியிற் கருவி பொருத்தும் சிகிச்சை 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டுள்ளது. மொழி பதியும் இளம்பருவம் கடந்தபின் அதன் பயன் பெரிதும் குறையும். காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் அக்குழந்தையின் பேச்சிலிருந்து கழிந்த ஆண்டாகும்.

குலவித்தையை மறைத்துவைத்தவர் பெயர் மறைந்தது. யாவர்க்கும் காட்டிக் கற்பித்தவரால் வித்தை வளர்ந்தது. தறியின் ஓசையைக் கேட்டு வளரும் நம் குழந்தைகளுள் ஒன்றேனும் அவ்வோசையைக் கேளாதிருப்பின், தாய்மார்கள் தாமதியாமல் அதனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நம் பிள்ளைகளும் பெண்களும் இத்துறையைக் கற்று ஆசிரியராகவும் வேண்டும். இதுவே நம் வேண்டுகோள்.